ஆபீசுக்குத் திரும்பச் சொல்கிறார்கள். தோட்டத்திலிருந்து வேலை பார்ப்பவர்கள் என்ன முடிவெடுத்தீர்கள்?

தடப்பள்ளி மருமகள் (கோபி பக்கம்):

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்ட் லீடாக இருக்கிறேன். மொத்தம் 10 வருட அனுபவம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளைம் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. ஆபீஸ் பெங்களூருவில், அவுட்டர் ரிங் ரோட்டில். நான் இருப்பது பாரியூர் தாண்டி, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்). போன செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து வாரம் 4 நாள் எல்லோரும் அவரவர் ஆபீசில் இருக்க வேண்டுமாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. "இரண்டு வாரம் வீட்டிலிருந்து பாருங்கள்" என்று சொல்லி லேப்டாப்பைக் கையில் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் நாலு சுடிதாரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு திம்பம் வழியாக வரும் பேருந்தில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24-ஆம் தேதி ராத்திரி 21 நாள் முழு ஊரடங்கு என்று டிவியில் சொன்னபோது நான் கவுந்தப்பாடியில் அப்பா வீட்டு மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே மட்டும்தான் இரண்டு புள்ளி சிக்னல் கிடைக்கும். மாடிப்படி ஓரத்தில் தென்னங்கீற்றில் ஒரு நிழல் போட்டுக் கொடுத்தார் அப்பா. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அந்த வேசகாலம் (கோடை) முழுக்க வேலை பார்த்தேன். நாளுக்கு 2 ஜிபி டேட்டா. மத்தியானம் தீர்ந்துவிட்டால் அம்மாவின் சிம், அதுவும் போனால் தம்பியின் சிம். அப்படி ஓட்டியும் ஒரு ரிலீஸ்கூட தள்ளிப்போகவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் டீமில் தேனிக்காரர், ஹாசன்காரர், கோரக்பூர்காரர் எல்லோரும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போனோம்.

அடுத்தது என் கல்யாணக் கதை. இதைச் சொல்லாமல் என் கேள்வி புரியாது.

நம்ம பக்கம் பண்ணையம் பார்க்கிற மாப்பிள்ளைக்குப் பொண்ணு கொடுக்கிறவர்கள் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு 5 வருடம் பார்த்தார்கள். நாலரை ஏக்கர், வாய்க்கால் தண்ணீர், மஞ்சளும் வாழையும் நெல்லும். இருந்தும் "பையன் வேலைக்குப் போகலீங்களா?" என்று கேட்டே எல்லோரும் திரும்பிப் போனார்கள். 2019 வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். படித்துவிட்டுத் தோட்டத்தில் வந்து என்ன செய்வது, வேலையை விட வேண்டுமே என்ற பயம்தான். 2021-ல் அவர்கள் பொண்ணு பார்க்க வந்தபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உங்க தோட்டத்தில் நெட் வருமுங்களா?"

அவர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் போன் செய்தார். மெயின் ரோட்டிலிருந்து சாளை வரைக்கும் 1 கிலோமீட்டருக்கு மேல், கம்பம் கம்பமாக ஃபைபர் கேபிளை இழுத்து முடித்திருந்தார். கேபிள்காரர் "ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் கட்டுபடி ஆகாதுங்க" என்று சொல்ல, ஒயர் செலவு முழுவதையும் அந்த வருடத்து வாழைத்தார் பணத்தில் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் நகை, சீர் என்று பேச்சு வந்தபோது அப்பா சொன்னார், "மாப்பிள்ளை முதல் சீரைச் செஞ்சு முடிச்சுட்டாரு." ஆவணியில் கல்யாணம் நடந்தது.

முன்னே மஞ்சள் மூட்டை அடுக்கும் அறைதான் இப்போது என் ஆபீஸ். சுவரில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது, மழைக்காலத்தில் அந்த வாசமும் வரும். 150 ஏஎச் பேட்டரியோடு ஓர் இன்வெர்ட்டர், ஜன்னலைத் திறந்தால் மாட்டுக் கட்டுத்தரை. எனக்கு வேலை நேரம் மத்தியானம் 12 முதல் இரவு 9 வரை. சிகாகோக்காரர்களுக்குக் காலை 8.30 என்றால் நமக்கு இரவு 7 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் 8 மணி. வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு அத்துபடி. "இன்னிக்குக் கால் ஏழுக்கா எட்டுக்கா கண்ணு?" என்று அத்தை கேட்டுவிட்டுத்தான் தோசைக்கல்லை வைப்பார்கள். பால் சொசைட்டி வண்டி வருவதற்குள் மாமா கறந்துவிடுவார், கன்னுக்குட்டியைப் பிடித்துக் கட்டுவது என் வேலை. மகனுக்கு இரண்டரை வயது. பகலில் அத்தையோடு இருப்பான், அழுதால் ஒரு கதவு தாண்டி நான் இருக்கிறேன்.

இப்படி ஒரு வாழ்க்கை சாத்தியம் என்று 2019-ல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதை நம்பித்தான் கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன், கடன் வாங்கி அறையைச் சரிசெய்தேன். 2021-ல் எங்கள் நிறுவனமே "எங்கிருந்து வேலை பார்த்தாலும் சம்மதம்" என்று மெயில் போட்டிருக்கிறது. அந்த மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. இருவரையும் நேரில் பார்த்ததில்லை. அதில் ஒரு பெண் போன மாதம் வேலையை விடப்போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டால், "யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை அக்கா, உங்களைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தோன்றும்" என்றாள். எனக்கு அது ரொம்ப உறுத்தியது. நான் சேர்ந்த புதிதில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா இருந்தார்கள். என் திரையை எட்டிப் பார்த்தே "அந்த லாக் ஃபைலைத் திற" என்பார்கள். நான் படித்த பாதி வேலை அந்த எட்டிப் பார்த்தலில்தான். இந்தப் பெண்ணுக்கு நான் அப்படி இருக்கவில்லை.

என் முன்னே மூன்று வழி இருக்கிறது. பெங்களூரு போனால் மகனை அத்தையிடம் விட்டுவிட்டு வாரக்கடைசியில் ஓடிவர வேண்டும். தண்ணீர் முறை, அறுவடை என்று இருக்கிற மனுசரை அங்கே வந்து என்ன செய்யச் சொல்வது? இரண்டாவது, நிறுவனத்துக்குக் கோவை சரவணம்பட்டியில் சின்னக் கிளை ஒன்று இருக்கிறது, அங்கே மாற்றிக் கேட்பது. ஆனால் என் டீமில் யாரும் அங்கே இல்லை. மூன்றாவது, வேலையை விட்டுவிட்டு முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கிற வேறு வேலை தேடுவது. ஒன்று கைக்கு வந்திருக்கிறது, சம்பளம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு, ஒப்பந்த முறை.

இதே இடத்தில் நின்றவர்கள் என்ன செய்தீர்கள்? கோவைக் கிளைக்கு மாறினால் ஓரங்கட்டிவிடுவார்களா? மேனேஜராக இருப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

—

கீரணத்தம் டெலிவரி மேனேஜர்:

வணக்கம் சகோதரி. நான் 18 வருடமாக இந்தத் துறையில், அதில் 12 வருடம் கோவையில். ஆளைக் கூப்பிடுகிற மெயிலை எழுதுகிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதில் பாதி, கம்பெனியின் மனசு சம்பந்தப்பட்டது. மீதிப் பாதி சட்டம். பெரிய ஐடி வளாகங்கள் பலவும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் (ஏற்றுமதிக்காக வரிச் சலுகை கொடுத்த இடம்) இருக்கின்றன. கோவையில் விளாங்குறிச்சி எல்காட் ஐடி வளாகம், எங்கள் கீரணத்தம் பக்கத்து வளாகம் எல்லாம் அப்படித்தான். வரிச் சலுகையில் வந்த கணினியை அந்தக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோகவே அனுமதி வேண்டும். 2020 மார்ச்சில் டெஸ்க்டாப்பை பெட்ஷீட்டில் சுற்றி டெம்போவில் ஏற்றி வீடு வீடாக இறக்கினோம். அவிநாசி, பல்லடம், பொள்ளாச்சி என்று ராத்திரி 11 மணிவரை சுற்றிய வண்டியில் நானும் இருந்தேன். கால் சென்டர் மாதிரி வேலைகளுக்கு இன்னும் கடுமை. வீட்டிலிருந்து ஆளை வேலை வாங்க வேண்டுமென்றால் முன்பு 1 கோடி ரூபாய் பிணைத்தொகை கட்டியிருக்க வேண்டும். அந்த மார்ச்சிலேயே தொலைத்தொடர்புத் துறை அதைத் தளர்த்தியது, நவம்பரில் விதியையே மாற்றி எழுதியது.

சிறப்பு மண்டல விதியில் வீட்டிலிருந்து வேலை என்பதற்கு 2022 ஜூலையில்தான் தனியாக ஒரு பிரிவு வந்தது. முதலில் 50 சதவீதம் பேர்வரை, ஓராண்டு. அந்த டிசம்பரில் அதை எல்லோருக்கும் விரித்து 2023 கடைசி வரை என்றார்கள், பிறகு 2024 கடைசி வரை நீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் தேதி நெருங்கும்போது எங்களுக்கு அடிவயிற்றைக் கலக்கும். ஆளுக்கு என்ன சொல்வது என்று தெரியாது. உங்களுக்கு 2021-ல் அப்படி ஒரு மெயில் போட்டவர்கள் பொய் சொல்ல நினைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. டிசிஎஸ் மாதிரிப் பெரிய நிறுவனமே 2020-ல், 2025-க்குள் ஒரு நேரத்தில் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்று அறிவித்தது. அதே நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து வாரம் 5 நாளும் வரச் சொன்னது. அன்றைக்கு யாருக்கும் முழுப் பாதை தெரியவில்லை. ஆனால் அதை நம்பிக் கல்யாணம் செய்தவருக்கு இந்த விளக்கம் ஆறுதல் ஆகாது, அதுவும் எனக்குத் தெரிகிறது.

உங்கள் ஜூனியர் பெண் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். 2020 பேட்ச். கூரியரில் லேப்டாப் போய்ச் சேர்ந்தது, 2022 ஏப்ரல் வரை அவன் ஆபீஸ் வாசலையே பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு சின்ன கான்ஃபிக் (மென்பொருள் அமைப்பு) பிழையில் மூன்று நாள் சிக்கிக் கிடந்திருக்கிறான். பக்கத்து நாற்காலியில் இருந்திருந்தால் 5 நிமிட வேலை. தெரிந்து நான் திட்டினேன், அவன் கேமராவை அணைத்துவிட்டு அழுதிருக்கிறான் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பேட்சில் பல பிள்ளைகளுக்கு வேலை தெரியும், வேலையைப் பற்றிப் பேசத் தெரியாது. அது அவர்கள் குற்றம் இல்லை. ஆகவே ஆபீஸ் வேண்டும் என்பவர்கள் எல்லோரும் ஆளை நம்பாதவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அதற்கு வாரம் 4 நாள் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பது என் கருத்து. சீனாவில் ட்ரிப்.காம் நிறுவனம் 1,600-க்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. ஒரு பாதிப் பேருக்கு வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை, மீதிப் பேருக்கு 5 நாளும் ஆபீஸ். வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ வித்தியாசம் வரவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 2024-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. எங்கள் மேலிடத்தில் இதை எடுத்து வைத்துத்தான் 3 நாளாகக் குறைக்க வைத்தேன். நீங்களும் கேட்கும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைக் கிளைக்கு மாறினால் ஓரங்கட்டுவார்களா என்று கேட்டீர்கள். டீமே இல்லாத கிளையில் தனியாக உட்கார்ந்தால் கொஞ்சம் மறந்துபோவார்கள், உண்மை. அதனால் மாறுதல் கேட்கும்போதே கூட ஒன்று கேளுங்கள். அடுத்து எடுக்கப்போகும் இரண்டு டெஸ்டர்களைக் கோவைக் கிளையில் எடுக்கச் சொல்லுங்கள், நான் பழக்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். "எனக்கு வசதி வேண்டும்" என்று போகிறவருக்கும் "இங்கே ஒரு டீம் கட்டுகிறேன்" என்று போகிறவருக்கும் கிடைக்கிற பதில் வேறு. நம்ம ஊர்க் கல்லூரிகளில் ஆளுக்கா பஞ்சம்? பேஸ் லொகேஷன் (உங்கள் பணியிடம்) கோவை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அந்த 2021 மெயில் இருக்கிற அழகைப் பார்த்தீர்களே.

—

வெள்ளகோவில் கேபிள்காரர்:

அம்மிணி, நான் ஐடி வேலை பார்க்கிறவன் இல்லீங்க. 22 வருசமா கேபிள் டிவி, 2018-ல இருந்து ஃபைபர் நெட்டு. உங்க வீட்டுக்காரர் கம்பம் கம்பமா இழுத்த கதையைப் படிச்சு ரெண்டு தடவை வீட்டுல படிச்சுக் காமிச்சேன்.

ஊரடங்கு போட்ட மொத வாரம் என் போன் அடிச்ச அடி இருக்குதே! அதுக்கு முன்னால கூப்பிட்டா "கிரிக்கெட் தெரியலை, சீரியல் தெரியலை"ன்னு கூப்பிடுவாங்க. அப்போ ஒவ்வொருத்தரும் "அண்ணா எனக்கு வேலை போயிரும்ணா"ன்னு கூப்பிட்டாங்க. போலீஸ் பாஸ் வாங்கிட்டு நானும் பையனும் ஒயர் ரோலை வண்டியில கட்டிக்கிட்டு மூலனூர் பக்கம், கன்னிவாடி பக்கம்னு சுத்துனோம். ஸ்ப்லைசிங் மெஷின் அதுவரைக்கும் வாடகைக்குத்தான் எடுப்பேன். 2020 ஆடியில நகையை வெச்சுச் சொந்தமா வாங்குனேன். ஒரு முடி தடிமன் இருக்கிற கண்ணாடி இழையை ரெண்டு பக்கமும் சுத்தமா வெட்டி வெச்சா, அந்த மெஷின் கரண்டுப் பொறியில ஒட்ட வெக்கும். தூசி ஒண்ணு பட்டாலும் மறுபடியும் வெட்டணும். நம்ம ஊர் ஆடிக்காத்துல அதைச் செய்யறது சுலபமில்லீங்க. வண்டி மேல போர்வையைப் போத்தி, அதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுத்தான் ஒட்டுவோம்.

நீங்க என்ன முடிவு எடுத்தாலும், வாரத்துல ஒரு நாளாச்சும் வீட்டுல இருந்து பார்ப்பீங்க இல்லீங்களா? அதுக்கு நாலு வார்த்தை. உங்க நெட் பாக்ஸ்ல ஃபைபர் வழியா வர்ற வெளிச்சத்தோட அளவைக் கேபிள்காரரைப் பவர் மீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மைனஸ் 20, 22ன்னா நல்லா இருக்குது. மைனஸ் 27-ஐத் தாண்டிப் போச்சுன்னா மழை பேஞ்சாலே அறுந்து அறுந்து வரும், எங்கியோ ஒட்டு சரியில்லைன்னு அர்த்தம். அப்புறம் இன்வெர்ட்டர் எடுத்துக்கிற அந்த ஒரு நொடியில பாக்ஸ் அணைஞ்சு மறுபடி ஏறுறதுக்கு 3 நிமிசம் ஆகும். அதுக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் தனியா வருது, பாக்ஸுக்கு மட்டும் போடுங்க. ரெண்டாவது லைன் வாங்குனா வேற கம்பெனியா இருந்தா மட்டும் பத்தாது, வேற ரோட்டு வழியா வரணும். ஒரே கம்பத்துல ரெண்டும் வந்தா, கரும்பு லாரி ஒண்ணு உரசிட்டுப் போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும். உங்க பக்கம் கரும்பு லாரி ஜாஸ்தி.

அரசாங்கத்தோட பாரத்நெட் திட்டத்துல தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் கொண்டுபோறதுன்னு வெச்சிருக்காங்க. ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வந்தாலும், அதுக்கப்புறம் தோட்டம் வரைக்கும் இழுக்கறதுக்கு எங்களை மாதிரி ஆளுக வேணும். நீங்கெல்லாம் ஊருக்குள்ள இருந்தாத்தான் எங்களுக்கும் அந்த ஒயரை இழுக்கத் தெம்பு வரும். எங்க ஏரியாவுல 2021-ல அப்படி வேலை பார்த்த வீடு 40-க்கு மேல இருந்துச்சு. இப்போ 15 வீடு. காலியான வீட்டுல பெரியவங்க மட்டும் இருக்காங்க. "பேரன் வந்தா நெட்டு போட்டுக்கலாம்"னு லைனை நிறுத்திட்டாங்க. அந்த வீட்டுக்கு ஒயரைக் கழட்டப் போறப்ப மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமுங்க.

—

பெருந்துறை அக்கா:

தங்கச்சி, மூன்றாவது வழியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வழியில் போய் வந்தவள்.

2022-ல் நான் நிறுவன வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டு ஸ்டார்ட்அப் ஒன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். பணம் நன்றாக வந்தது. 16 மாதம். ஒரு திங்கட்கிழமை காலையில் லாகின் வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டேன் போல என்று அரை மணி நேரம் முயன்றேன். அப்புறம்தான் சொந்த மெயிலில் நாலு வரிக் கடிதம் இருப்பதைப் பார்த்தேன். முன்னறிவிப்பு இல்லை, பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். பிரசவ விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக் கடனுக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், என்னிடம் இருந்ததோ இன்வாய்ஸ்.

அதனால் போகவே கூடாது என்று சொல்லவில்லை. 30 சதவீதம் குறைவு என்று நீங்கள் போட்ட கணக்கு சரியல்ல, அதைத்தான் சொல்ல வருகிறேன். நிறுவனம் உங்கள் பெயரில் கட்டுகிற 12 சதவீத பிஎஃப், மாமா அத்தையையும் சேர்த்திருக்கிற மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு கிடைக்கிற விடுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கப் போனால் பிரீமியம் என்ன என்று இன்றைக்கே விசாரியுங்கள். ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, ஆடிட்டர் செலவு என்று தனி. ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

இன்னொன்று. 2017-ல் பிரசவகால நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 26 வார விடுப்பு எல்லோருக்கும் தெரிகிறது. அந்தத் திருத்தத்திலேயே, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்தபிறகும் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒருநாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றும் இருக்கிறது. கொரோனாவுக்கு மூன்று வருடம் முன்னாலேயே எழுதி வைத்தது இது. சரவணம்பட்டிக் கிளையில் காப்பகம் எங்கே இருக்கிறது என்று உங்கள் எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். சண்டைக்காகக் கேட்க வேண்டாம். நிஜமாகவே உங்களுக்கு அது வேண்டும்.

—

அன்னூர் ரோட்டுப் பயணி:

கோபியிலிருந்து சரவணம்பட்டி தினமும் போய்வருவது முடியாதுங்க. புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம் தாண்டிப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, கோவில்பாளையத்துக்கு மேல் காலை நெரிசல் வேறு. நான் அந்தியூர். செவ்வாய் வெள்ளென கிளம்பி, இரண்டு இரவு கோவையில் தங்கி, வியாழன் பொழுதோடு திரும்பிவிடுவேன். மூன்று வருடமாக இப்படித்தான். இரண்டு பேர் சேர்ந்து ஓர் அறையை எடுத்து ஆளுக்கு இரண்டு இரவு என்று பிரித்துக்கொண்டால் வாடகை பாதி. பிள்ளைகள் முதல் மாதம் அழுவார்கள். எங்கள் வீட்டில் புதன்கிழமை இரவு மட்டும் வீடியோ கால் போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். முகத்தைப் பார்த்தால்தான் அழுகை அதிகம். குரல் மட்டும் கேட்டால் தூங்கிவிடுகிறாள்.

—

தடப்பள்ளி மருமகள்:

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பெருந்துறை அக்கா சொன்ன மாதிரி ஒரு தாளில் கணக்குப் போட்டோம். நானும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து, பின்னால் மாமாவும் சேர்ந்துகொண்டார். மாமாவுக்குச் சர்க்கரை, பைபாஸ் செய்தவர் வேறு. அவருக்கு மட்டும் தனிக் காப்பீடு விசாரித்ததில் வந்த தொகையைப் பார்த்ததும் ஒப்பந்த வேலை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மாமாவுக்கு அது வருத்தம். "என்னால நீ அங்க போகணுமா கண்ணு" என்று கேட்டார். உங்களால் இல்லை மாமா, அந்த வேலையில் நாளைக்கு எனக்கும் இதே நிலைதான் என்று சொன்னேன்.

மேனேஜரிடம் பேசினேன். கீரணத்தம் அண்ணன் சொன்னபடியே முதலில் என் வசதியைப் பேசவில்லை. அந்த ஜூனியர் பெண்ணைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். அவள் ஊர் உடுமலை என்று அப்போதுதான் மேனேஜருக்கும் எனக்கும் உறைத்தது. ஒன்றரை வருடமாக நானும் அவளும் ஒரே பக்கத்துக்காரர்கள், அவளுக்குப் பெங்களூரு ஆபீஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவளையும் என்னையும் சரவணம்பட்டிக் கிளைக்கு மாற்றச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. 4 நாளுக்குப் பதில் 3 நாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு மறுபடியும் பேசுவார்களாம். பேஸ் லொகேஷன் கோவை என்று கடிதம் கையில் வந்துவிட்டது. காப்பகம் பற்றி எச்ஆருக்கு எழுதியதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. நேற்று மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று நாள் என்றால் இரண்டு இரவு. மகனை நினைத்தால் இப்போதே தொண்டை அடைக்கிறது. அத்தை அவனை இப்போதே மத்தியானத் தூக்கத்துக்குத் தன் பக்கத்தில் படுக்க வைத்துப் பழக்குகிறார்கள். புதன்கிழமை வீடியோ வேண்டாம் என்பதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

கேபிள்கார அண்ணனுக்கு: எங்கள் பாக்ஸில் மைனஸ் 26 இருந்தது. எங்கள் ஊர்க் கேபிள்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் பழைய ஒட்டு ஒன்று இருந்திருக்கிறது. அவர் கம்பத்தில் ஏற, கீழே என் வீட்டுக்காரர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது மைனஸ் 21.